ஒரு பானையும் இரு குவளைகளும்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், அறுபதை எட்டிய நம்மில் பலர் ஒரே பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறோம். அந்தக் காலத்துக் கோடை எத்துணை இனிமையானது! மின்விசிறி இல்லை, ஆயினும் புழுக்கம் தெரியவில்லை. குளிர்பதனப் பெட்டி இல்லை. ஆயினும் மண்பானை நீர் தொண்டையை நனைத்தவுடன் போன உயிர் திரும்பி வந்தது. எதிர்வீட்டு வடகத்தைக் காக்கை கொத்தாமல் நாம் காத்தோம். நம் வீட்டு மாவடுவின் உப்பை அவர்கள் பார்த்துச் சொன்னார்கள். தெருக்கதவுகள் இரவில் மட்டுமே சாத்தப்பட்டன. இன்றோ அடுத்த வீட்டில் குடியிருப்பவர் யாரென்றே தெரியவில்லை. இப்படிச் சொல்லிப் பெருமூச்சு விடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அந்தச் சுகத்தில் திளைத்தவன்தான்.

அந்தப் பெருமூச்சில் பொய் இல்லை. ஆனால் அதில் முழு உண்மை இருக்கிறதா? நினைவுகூர்தல் என்பது மனம் தானாகச் செய்யும் ஒரு செயல் மட்டுந்தானா, அல்லது அதிலும் நேர்மை, நேர்மையின்மை என்று இரண்டு உண்டா? நினைவு நமக்குச் சிறிய காரியம் அன்று. தம் நினைவாகச் செய்யுமாறு ஆண்டவர் விட்டுச்சென்ற ஒரு விருந்தைச் சுற்றியே நம் வழிபாடு முழுவதும் அமைந்திருக்கிறது. அந்த விருந்தில் நாம் நினைவுகூர்வது ஒருவர் பட்ட பாடுகளை; நம்முடைய இனிய நாள்களை அன்று. அப்படியிருக்க, வீட்டையும் தெருவையும் பற்றிய நம் நினைவுகள் மட்டும் ஏன் எப்போதும் இனிப்பாகவே இருக்கின்றன?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு தண்ணீர்ப் பானை. அதைப்பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

எங்கள் பூர்வீக வீடு கொள்ளிடத்தின் வடகரையில் ஒரு சிற்றூரில் இருந்தது. நாட்டு ஓடு வேய்ந்த வீடு. நடுவில் முற்றம், வாசலில் இருபுறமும் திண்ணை. முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளநீரைச் சுமக்கும் ஆறு. மழைக்காலத்தில் இருகரையும் தொட்டு ஓடும். கோடையிலோ அகன்ற மணற்பரப்பாக வெயிலில் கிடக்கும். மேட்டூர் அணை திறக்கப்படும் ஜூன் 12-ஆம் நாளையும், அதன்பின் எப்போதாவது வந்து சேரப்போகும் நீரையும் எண்ணியபடி ஊர் காத்திருக்கும். அதுவரை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிநீர் எடுக்க வேண்டும். இடுப்பளவு ஆழம் தோண்டினால் போதும். பக்கச் சுவர்களிலிருந்து நீர் கசிந்து ஊறும். சிரட்டையால் மெல்ல முகந்து குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டால் மணல் சரிந்துவிடும்.

அந்த நீர் வீட்டுக்கு வந்ததும் என் அப்பாயியின் ஆட்சிக்கு உட்பட்டுவிடும். வெயிற்காலம் தொடங்குமுன் குயவர் வீட்டிலிருந்து புதுப்பானை ஒன்று வாங்கி வருவார். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசிவிட்டு நீரை ஊற்றுவார். கலங்கல் அடியில் தங்கி நீர் தெளிந்துவிடும். வெட்டிவேர் ஒரு கட்டுப் போடுவார். வலப்பக்கத் திண்ணையில் மணலைப் பரப்பி, அதை நனைத்து, அதன்மேல் பானையை வைப்பார். வாயில் வெள்ளைத் துணி. அதன்மேல் பித்தளைத் தட்டு. தட்டின்மேல் ஒரு குவளை. அந்தப் பானை எங்களுக்காக மட்டும் வைக்கப்பட்டது அன்று. வழிப்போக்கர், சந்தைக்குச் செல்வோர், வளையல்காரர், அம்மி கொத்துபவர் என எவர் வந்தாலும் அப்பாயி குரல் கொடுப்பார்: "வெயில்ல நிக்காதீங்க. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் நாட்டின் பழைய அறம். திருநாவுக்கரசர் பெயரால் அப்பூதியடிகள் திங்களூரில் பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. எழுத்தறியாத என் அப்பாயிக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது ஆண்டவருக்கே கொடுப்பது என்று மட்டும் தெரியும். மே மாதம் முழுவதும் மாலையில் மாதா வணக்கமாதம் நடக்கும். செபம் முடிந்து திரும்பியதும், இருட்டில் தடவிப் பானையில் நீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே படுப்பார். இரவில் வருபவருக்கும் தாகம் எடுக்கும் அல்லவா?

இதுவரை சொன்னதை என் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பானைக்கு அருகில், திண்ணைத் தூணுக்குப் பின்புறம், ஓர் ஆணியில் கொட்டாங்கச்சி ஒன்று தொங்கியது. அது சிலருக்கான குவளை. அவர்கள் திண்ணையில் உட்காரவும் மாட்டார்கள். படிக்குக் கீழே நின்று கொட்டாங்கச்சியை நீட்டுவார்கள். அப்பாயி உயரத்திலிருந்து அதில் ஊற்றுவார். கொட்டாங்கச்சி இல்லாதபோது அவர்கள் இரு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்வார்கள். நீர் மேலிருந்து விழும். பாதி வாய்க்குள் போகும். பாதி முழங்கை வழியே வழிந்து மண்ணில் விழும்.

அவர்களுள் ஒருவர் எங்கள் வயலில் வேலை பார்த்தவர். கோடைதோறும் ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தருபவரும் அவரே. விடியுமுன் மண்வெட்டியோடு சென்று, முந்தைய நாள் சரிந்த மணலை அள்ளி ஊற்றைச் சரிசெய்து வைப்பார். அதன்பின் எங்கள் வீட்டுப் பெண்கள் சென்று முகந்து வருவார்கள். அவர் தோண்டிய ஊற்றின் நீர், அவர் கால் நின்ற மணலில் ஊறிய நீர், எங்கள் பானைக்கு வந்தபின் அவர் தொடக்கூடாததாகிவிட்டது. இதில் உள்ள முரண்பாட்டை அன்று அந்த வீட்டில் எவரும் உணரவில்லை. அவரும் எங்களைப் போலவே திருமுழுக்குப் பெற்றவர். எங்கள் ஊர்க் கோயிலில் அதே நற்கருணையை வாங்கியவர். பந்திக்குப் பின்பகுதியில் நின்று வாங்கினார் என்பதே வேறுபாடு.

அவருக்கு என் வயதில் ஒரு மகன் இருந்தான். ஊர்ப் பாதுகாவலரின் பெயரே எங்கள் இருவருக்கும். நான் அவனைப் பெயர் சொல்லி அழைப்பேன். அதாவது என் பெயரைச் சொல்லியே அழைப்பேன். அவனோ என்னைச் 'சின்னையா' என்பான். விடுமுறை முழுவதும் ஆற்றுமணலில் ஒன்றாகக் கிடப்போம். நுங்கின் கூந்தலில் வண்டி செய்து ஓட்டுவோம். 1972-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நண்பகல், ஓடிக் களைத்து வந்தபோது, பித்தளைத் தட்டின்மேல் இருந்த குவளையில் நீர் முகந்து முதலில் அவனுக்குக் கொடுத்தேன். அவனும் வாய் வைத்துக் குடித்துவிட்டான். அப்பாயி உள்ளிருந்து பார்த்தார். அவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் போனபின், புளியும் சாம்பலும் போட்டுக் குவளையை மூன்று முறை தேய்த்து வெயிலில் கவிழ்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "அவனுக்குத் தூக்கி ஊத்தணும் கண்ணு, மறந்துடாத" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. பல் துலக்கக் கற்றுத்தரும் குரலில் இருக்கும் பரிவே இருந்தது.

அடுத்த கோடையில் அவன் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டான். வீட்டில் வேறு எவரும் இல்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நான் குவளையில் முகந்து, திண்ணையின் ஓரத்தில் நின்று, கையை உயர்த்தினேன். அவன் ஒருமுறை என்னை அண்ணாந்து பார்த்தான். பிறகு குனிந்து கைகளைக் குவித்தான். நான் ஊற்றினேன். குடித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு விளையாடக் கூப்பிட்டான், போனோம். அதன்பின் அவன் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தாகம் எடுத்தால் ஆற்றுக்கு ஓடிவிடுவான்.

இதை எழுதும்போது என்னை உறுத்துவது அப்பாயி செய்ததன்று. யாரும் சொல்லாமலே நான் செய்ததுதான். தீமை கட்டளையாக வரும்போது அதை மறுக்க ஒரு வாய்ப்பு உண்டு. அது அன்பான ஒருவரின் கைவழியே பழக்கமாக வரும்போது, மறுப்பதற்கு ஒன்றுமே கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கே இரண்டு மறுமொழிகள் எழக்கூடும். அவற்றை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு.

முதலாவது: அது அந்தக் காலம், அவர்கள் அறியாதவர்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. அப்பாயியின் உள்ளத்தை நான் தீர்ப்பிட முடியாது. அது இறைவனுக்கு உரியது. ஆனால் 'அந்தக் காலம்' என்று நாம் சொல்லும் காலம் அவ்வளவு இருட்டானதா? மகாராட்டிரத்து மகாடு நகரில், பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக, அம்பேத்கர் தம் மக்களோடு நடந்து சென்று குளத்தில் இறங்கியது 1927-ஆம் ஆண்டு மார்ச் 20. கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எவருக்கும் தடை கூடாது என்று 15-ஆம் பிரிவிலும், தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 17-ஆம் பிரிவிலும் எழுதிய அரசியலமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டது. எங்கள் திண்ணையில் கொட்டாங்கச்சி தொங்கியபோது அந்தச் சட்டத்துக்கு வயது பதினேழு. நற்செய்தியின் வயதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மனச்சான்றைப் பற்றிப் பேசும்போது நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. வெல்ல முடியாத அறியாமையால் மனச்சான்று தவறும்போது அதன் மாண்பு கெடுவதில்லை. ஆனால் உண்மையைத் தேட மனிதன் அக்கறை காட்டாதபோதும், பாவப் பழக்கத்தால் மனச்சான்று மெல்ல மெல்லக் குருடாகும்போதும் அப்படிச் சொல்ல முடியாது. அப்பாயியின் அறியாமை எவ்வகையைச் சேர்ந்தது என நான் அறியேன். அடுத்த கோடையில் என் கை உயர்ந்தபோது என் மனச்சான்று குருடாகத் தொடங்கிவிட்டது என்பதை மட்டும் அறிவேன். ஏனெனில் அவன் அண்ணாந்து பார்த்த அந்தக் கணத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்த பிறகும் ஊற்றினேன்.

இரண்டாவது மறுமொழி இன்னும் வலியது: பெற்றோரையும் மூத்தோரையும் மதிக்க வேண்டும் என்பது கட்டளை அல்லவா? மண்ணுக்குள் போய்விட்ட ஒரு நல்ல பெண்மணியின் குறையை ஏட்டில் எழுதுவது எப்படி மதிப்பாகும்?

இதற்கு விடை தேடியபோது எனக்குக் கைகொடுத்தவர் புனித அகுஸ்தினார். கி.பி. 400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் வாழ்வை இறைவன்முன் ஒப்புக்கொண்டு அவர் எழுதிய நூலை நாம் அறிவோம். பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து அண்டைத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதை அவர் அதில் பல பக்கங்களுக்கு ஆராய்கிறார். அவை பசிக்காகத் திருடியவை அல்ல. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கே எறிந்தார்கள். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்கிறார். அறிஞர் ஒருவர் முதிர்ந்த வயதில் இத்தனை சிறிய தவற்றை இவ்வளவு நேரம் கிளறுவது ஏன் என்று இளமையில் நான் வியந்ததுண்டு. இப்போது புரிகிறது. பெரிய தீமைகளின் வேர் இத்தகைய சிறியவற்றில்தான் கைக்கு அகப்படுகிறது.

அதே நூலில் தம் அன்னை மோனிக்காவின் வாழ்வையும் அவர் சொல்கிறார். அந்த அன்னைமீது அவர் கொண்ட அன்பில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆயினும், சிறுமியாயிருந்தபோது திராட்சை மது எடுத்துவர அனுப்பப்பட்ட அவர், விளையாட்டாகச் சிறிது பருகத் தொடங்கிக் கோப்பை நிறையப் பருகும் பழக்கத்துக்கு ஆளானதை அவர் மறைக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி சண்டையில் அதைச் சொல்லி இகழ்ந்தபோதுதான் மோனிக்கா வெட்கி அதை விட்டொழித்தார். அதாவது, புனிதை ஒருவரைத் திருத்தியது ஓர் அடிமைப் பெண்ணின் சொல். அன்னையின் நற்செயல்களையெல்லாம் சொல்லி முடித்தபின், அவருடைய பாவங்களை மன்னிக்குமாறு மகன் இறைவனை வேண்டுகிறார். குறையே இல்லாதவராகக் காட்டியிருந்தால் இந்த மன்றாட்டுக்கு இடமே இருந்திராது. நம் மூத்தோரை மாசற்றவர்களாக்கி மாலையிட்டு வைப்பதைவிட, அவர்களுக்காக மன்னிப்பு வேண்டுவது உயர்ந்த மதிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அப்பாயியின் அறம் பொய்யா? இல்லை. அவர் கொடுத்த நீரால் உண்மையாகவே தாகம் தணிந்தது. கொட்டாங்கச்சியில் ஊற்றியபோதும் அவர் குறைத்து ஊற்றியவர் அல்லர். வழிந்து போனதைக் கண்டு மீண்டும் ஊற்றினார். இரக்கம் அவரிடம் குறைவின்றி இருந்தது. குறைந்தது எது? நெடுநாள் எண்ணிப்பார்த்தபின் எனக்குக் கிடைத்த விடை இது: அவர் எல்லாருக்கும் கொடுத்தார், எல்லாரிடமிருந்தும் வாங்க அவரால் முடியவில்லை. ஊற்றுத் தோண்டியவரின் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போய் நின்று, அரிசியும் பணமும் தந்துவந்த அப்பாயி, அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள் தரவும் துணிந்ததில்லை.

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை இந்த ஒளியில் படித்துப் பாருங்கள். நண்பகல் வேளை, நடந்து களைத்த ஒருவர் சிக்கார் ஊருக்கு அருகில் கிணற்றோரம் அமர்ந்திருக்கிறார். யூதர்கள் சமாரியரோடு கொள்வினை வைத்துக்கொள்ளாத காலம். ஆண்டவர் அந்தப் பெண்ணிடம் பேசத் தொடங்கும்போது எதையும் கொடுக்கவில்லை, கேட்கிறார். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவரிடம் முகக்கும் பாத்திரமும் இல்லை. கொடுத்தால் அவள் பாத்திரத்திலேயே கொடுக்க வேண்டும். அவள் அதிர்ச்சியடைந்தது அதனால்தான். வாழ்வு தரும் நீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே வருகிறது. முதலில் அவளிடம் கையேந்தியவர் என்பதனாலேயே, பின்னர் அவர் கொடுக்க முன்வந்தபோது அது அவளைத் தாழ்த்தவில்லை. கொடுப்பவர் மேலே நிற்கலாம். வாங்குபவர் சமதரையில் நிற்க வேண்டும். எவருக்கு நான் கொடுக்கிறேன் என்பது என் இரக்கத்தின் அளவு. எவரிடமிருந்து வாங்க என் மனம் ஒப்புகிறது என்பதே என் சகோதரத்துவத்தின் அளவு.

இவையெல்லாம் பழங்கதை என்று மூடிவிட முடியுமானால் நன்றாயிருக்கும். இந்திய ஆயர் பேரவை 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நாட்டு நிலை இருக்கட்டும். என் வீட்டு நிலையைச் சொல்கிறேன்.

நான் இப்போது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழ்கிறேன். திண்ணை இல்லை, பானையும் இல்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையை இந்நகரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்து இறங்கியது. வண்ண வண்ண நெகிழிக் குடங்கள் தெருவெங்கும் வரிசையில் நின்றன. அந்த நாள்களில் ஒரு பிற்பகல், எங்கள் குடியிருப்பின் குப்பையை எடுக்க வந்த தூய்மைப் பணியாளர் கதவருகே நின்று குடிக்க நீர் கேட்டார். மறுக்கவில்லை. காலியான ஒரு நெகிழிப் புட்டியைத் தேடி, நீர் நிரப்பிக் கொடுத்தேன். "பாட்டில நீங்களே வச்சுக்கோங்க" என்றேன். அவர் நன்றி சொல்லிப் போனார். கதவைச் சாத்தி உள்ளே திரும்பியபோதுதான் என் சொல் எனக்கே கேட்டது. அடுக்களையில் கழுவி அடுக்கிய குவளைகள் பதினைந்துக்குக் குறையாமல் இருந்தன. திரும்பி வராத ஒரு பாத்திரத்தை நான் தேடிய காரணம் என்ன? தூணுக்குப் பின்னால் தொங்கிய கொட்டாங்கச்சி நாற்பத்தேழு ஆண்டுகள் பயணம் செய்து என் கையில் நெகிழிப் புட்டியாக வந்து சேர்ந்திருந்தது. இம்முறையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மண்பானை நீர் குளிர்வதன் காரணம் நாம் அறிந்ததே. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சிறிது இழப்பதனால்தான் எஞ்சியது குளிர்கிறது. நுண்துளைகள் அடைபட்ட பழைய பானையும், அழகுக்காகச் சாயம் பூசிய பானையும் குளிர்விப்பதில்லை. நம் கோடை நினைவுகளுக்கும் நாம் சாயம் பூசியிருக்கிறோமோ என்று அஞ்சுகிறேன். பார்க்க அழகாக இருக்கின்றன. எவருடைய தாகத்துக்கும் உதவுவதில்லை.

2022-ஆம் ஆண்டு ஊர்த் திருவிழாவுக்குச் சென்றபோது, என் பெயருடைய அந்த நண்பரைத் தேடிப் போனேன். பேருந்து ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்தார். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல சிமெண்டு வீடு. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "வாங்க, வாங்க" என்றார். 'சின்னையா' இல்லை, அதற்காக மகிழ்ந்தேன். எனக்குத்தான் அவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று தடுமாற்றமாயிருந்தது. 'நீங்கள்' என்றேன். சற்று நேரம் ஊர்க்கதை பேசியபின், அந்தத் திண்ணையையும் தண்ணீரையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப? விடுங்க" என்றார்.

அன்று அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. ஒருவேளை அவர் என் சங்கடத்துக்கு இரங்கியிருக்கலாம். அந்த நாளைத் திரும்பவும் எடுத்துப் பார்க்க அவருக்கே விருப்பமில்லாமல் இருந்திருக்கலாம். நினைவுகூர்வது எனக்குக் கடமை. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குக் கடமை அன்று. நான் மன்னிப்பைப் பெறச் சென்றதும் எனக்காகத்தானே?

அவருடைய மனைவி உள்ளே சென்றார். பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. எவர்சில்வர் குவளை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். நண்பர் அதைக் கையில் வாங்கி, என்னிடம் நீட்டுமுன் ஒரு கணம் நிறுத்தினார். "எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீங்கல்ல?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் விடைக்காகக் காத்திருந்தார்.

ஐம்பது ஆண்டுகள், ஓர் அரசியலமைப்பு, ஒரு திருச்சங்கம், எத்தனையோ ஆயிரம் மறையுரைகள். இத்தனைக்கும் பிறகு, திருமுழுக்குப் பெற்ற ஒருவர் திருமுழுக்குப் பெற்ற இன்னொருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் வாங்கிக் குடித்தேன். வெட்டிவேர் மணம் இல்லை. குழாய்நீருக்கு உரிய மருந்து வாடை சிறிது இருந்தது. குவளையைத் திருப்பிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

இந்தக் கோடையிலும் நம் வீடுகளில் பழைய கதைகள் பேசப்படும். பேசுவோம், பிள்ளைகளுக்கு அவை வேண்டும். பானையைப் பற்றிச் சொல்லும்போது தூணுக்குப் பின்னால் தொங்கியதையும் சேர்த்தே சொல்வோம். சொல்லி முடித்தபின், நம் அடுக்களைச் சன்னலின் ஓரத்தில் யாருக்காகவோ தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு குவளை உண்டா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவோம்.